கருப்புத் தகட்டில் ஒரு வெள்ளை ஹெல்மெட்: காவேரிப்பட்டணம் போர்டு வேலை, முழு விவரம்

போன கோடையில் காவேரிப்பட்டணத்தில் ஒரு டூவீலர் மெக்கானிக் கடைக்கு நான் செய்து கொடுத்த போர்டைப் பற்றி எழுதுகிறேன். மூன்றடிக்கு இரண்டடி இரும்புத் தகடு, முழுக்கக் கருப்பு, நடுவில் ஒரே ஒரு வெள்ளை ஹெல்மெட். எழுத்து கிடையாது, போன் நம்பர் கிடையாது. பார்த்தால் ஒரு நாள் வேலை என்று தோன்றும். எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. நடுவில் ஒருமுறை முழுப் படத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

ஸ்டென்சிலை, அதாவது உருவம் வெட்டிய ஷீட்டை, சுத்தமாக வெட்டத் தெரிந்தால் போதும், வெள்ளை தானாக வந்துவிடும் என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன். இந்த ஒரு வேலையில் அந்த நம்பிக்கை போய்விட்டது. எங்கே தப்புச் செய்தேன், எதை மாற்றினேன் என்பதை ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தூவும் சின்னக் கன்) பழகிக்கொண்டிருப்பவர்களுக்காக அப்படியே எழுதி வைக்கிறேன்.

கேட்டது வேறு

கடைக்காரர் முதலில் கேட்டது போர்டு இல்லை. தன்னுடைய வெள்ளை ஹெல்மெட்டைக் கிருஷ்ணகிரிக்கு எடுத்து வந்து என் மேசைமேல் வைத்து, "தம்பி, இதும்மேல கருப்புல நெருப்பு டிசைன் போட்டுக் குடு" என்றார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் விற்கும் ஹெல்மெட்டுகளில் பெரும்பாலானவற்றின் ஓடு ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பெயிண்டில் கலக்கும் தின்னர் அந்தப் பிளாஸ்டிக்கைப் பலவீனமாக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கூட விடலாம். உள்ளே தெர்மாகோல் மாதிரி இருக்கிற இபிஎஸ் அடுக்கு தின்னர் பட்டால் கரைந்தே போய்விடும். அடிபடும்போது தலையைக் காப்பாற்றுவது அந்த இரண்டும்தான். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விற்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்கான ஐஎஸ் 4151 தரத்தில் சோதித்துத் தேறி வந்த ஹெல்மெட்டை அழகுக்காகக் கெடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வராது. யார் கேட்டாலும் இதையேதான் சொல்கிறேன்.

"படம் நல்லா வந்துருங்ணா. ஆனா ஓடு பழைய வலுவோட இருக்குமான்னு கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது" என்றேன். ஹெல்மெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிபட்டு வரும் வண்டிகளைத் தினமும் பிரித்து மாட்டுகிறவர் அவர். "சரி, அப்ப இந்த ஹெல்மெட்டயே படமா அடி. கடை முன்னால மாட்டறேன். ஹெல்மெட்டு போடாம வர்றவன் கண்ணுல படட்டும்" என்றார்.

கருப்புப் பின்னணி அவருடைய யோசனைதான். சர்வீஸ் ரோட்டில் வரிசையாக இருக்கும் கடைகளில் எல்லாம் பல வண்ண ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. அதன் நடுவில் கருப்புதான் தனியாகத் தெரியும் என்றார். ராத்திரி ஒன்பது மணி வரை கடை திறந்திருக்கும், மேலே எல்இடி ட்யூப் எரியும் என்றும் சொன்னார். அந்த ட்யூப் லைட் விஷயத்தை அப்போது நான் காதில் வாங்கவில்லை.

தகடு, சாயம், ஸ்டென்சில்

18 கேஜ் இரும்புத் தகடு. உப்புத்தாளில் துரு எடுத்து, துடைத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, 600 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு, அதன்மேல் கார்களுக்கு அடிக்கும் கருப்பு பேஸ்கோட். இதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. அலுமினியம் காம்போசிட் ஷீட் எடைக்குறைவு என்று கடைக்காரர் கேட்டார். நான் இரும்பே வேண்டும் என்றேன். காரணம் காந்தம். பழைய ஸ்பீக்கர்களிலிருந்து உடைத்தெடுத்த காந்தங்கள் பதினைந்து இருபது என்னிடம் இருக்கின்றன. ஸ்டென்சிலை வைத்து அதன்மேல் காந்தத்தை வைத்தால் டேப் ஒட்டாமலே உட்கார்ந்துவிடும். புதுப் பெயிண்டில் டேப் ஒட்டிப் பிய்த்தெடுக்கிற பயமும் இல்லை.

ஏர்பிரஷ் டபுள் ஆக்‌ஷன், அதாவது ஒரே விசையில் காற்றையும் பெயிண்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம்; மேலே பெயிண்ட் கப் வைத்தது, பெயிண்ட் வெளிவரும் நாசில் 0.3 மில்லிமீட்டர். நுணுக்க வேலைக்கு 0.2 நாசில் நல்லதுதான், ஆனால் வெள்ளைக்கு அது சரிப்படாது. வெள்ளைச் சாயம் என்பது டைட்டானியம் டை ஆக்சைடு. தண்ணீரைவிட நாலு மடங்குக்கு மேல் அடர்த்தி உள்ள தூள். கப்பில் ஊற்றிப் பத்து நிமிடம் சும்மா வைத்தால் கீழே படிய ஆரம்பித்துவிடும். மேலே தின்னர் தண்ணியாக, கீழே கூழாக. அந்தக் கூழ் நாசிலுக்குள் போகும்போதுதான் பெயிண்ட் துளித்துளியாகத் தெறிக்கிற துப்பல் வருகிறது. ஆகவே வெள்ளையைப் பழைய நைலான் துணியில் இரண்டு மடிப்பாக வடிகட்டிக்கொள்கிறேன். கப்பில் கொஞ்சமாக ஊற்றுகிறேன், அடிக்கடி கலக்கிவிடுகிறேன். ஊசி முனையில் பெயிண்ட் காய்ந்து மொட்டு மாதிரி நிற்கும், அதை மெத்தென்ற பிரஷ்ஷால் தொட்டு எடுத்துவிட வேண்டும். ஏப்ரல் வெயிலில் கிருஷ்ணகிரியில் இதை நிமிடத்துக்கு ஒருமுறை செய்தேன் என்றாலும் பொய்யில்லை. கடைசியில் சாதாரணத் தின்னரை விட்டுவிட்டு மெதுவாகக் காயும் தின்னர் வாங்கினேன். அது பெரிய நிம்மதி.

ஸ்டென்சிலுக்கு ஓஎச்பி ஷீட், அதாவது ப்ரொஜெக்டரில் வைக்கும் பிளாஸ்டிக் ஷீட். இதை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் கண்ணாடி மாதிரி இருக்கும் எல்லா ஷீட்டும் ஒரே பொருள் கிடையாது. பாலியெஸ்டர் ஷீட் தின்னரைத் தாங்கும். அசிடேட் ஷீட் தின்னர் பட்டதும் மங்கும், சுருண்டுகொள்ளும். ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தின்னர் விட்டு இரண்டு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். தின்னரால் துடைத்துத் துடைத்து மறுபடி பயன்படுத்தும் ஸ்டென்சிலுக்குப் பாலியெஸ்டர்தான் சரி.

ஹெல்மெட்டைக் கருப்புத் துணி முன்னால் வைத்து மாலை வெயிலில் படம் எடுத்தேன். முக்கால் பக்கம் திரும்பிய கோணம். படத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. ஹெல்மெட்டின் தாடைப் பகுதிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகவே இல்லை. எங்கள் வாசல் செம்மண். அதில் பட்ட வெயில் திரும்பி மேலே வந்து தாடைக்கு அடியில் லேசான செங்காவி நிறத்தைப் பூசியிருந்தது. வெள்ளைப் பொருள் பக்கத்தில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் என்பது வேலைக்காரனுக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனால் நம் மண்ணே ஹெல்மெட்டில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைப் போர்டில் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

படத்தைப் பதினெட்டு அங்குல உயரத்துக்குப் பிரிண்ட் எடுத்து, ஷீட்டுக்கு அடியில் வைத்து, 11 நம்பர் சர்ஜிக்கல் பிளேடால் வெட்டினேன். மொத்தம் ஐந்து ஷீட். வெளிக்கோடு ஒன்று, முகக்கண்ணாடித் திறப்பு ஒன்று, ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங் ஒன்று, காற்றுத் துளைகளும் கண்ணாடித் திருகும் ஒன்று. ஐந்தாவது, எந்த வடிவமும் இல்லாமல் சும்மா வளைவு வளைவாக வெட்டிய கைத் தடுப்பு. எல்லா ஷீட்டிலும் நாலு மூலையிலும் கூட்டல் குறி போட்டுத் துளைத்துக்கொண்டேன். தகட்டிலும் அதே இடத்தில் வெள்ளைப் பென்சிலில் குறி. இந்தக் குறி இல்லாமல் இரண்டாவது ஷீட்டை வைத்தால் அரை மில்லிமீட்டர் தள்ளிப் போகும், அந்த அரை மில்லிமீட்டர் தூரத்திலிருந்தே தெரியும்.

முதல் படம் ஏன் கெட்டது

வெளிக்கோடு ஸ்டென்சிலை வைத்தேன், காந்தம் வைத்தேன், உள்ளே முழுக்க வெள்ளை அடித்தேன். நல்ல கெட்டி வெள்ளை, மூன்று கோட். அப்புறம் மேலே கருப்பைத் தண்ணியாகக் கலந்து நிழல் போட்டேன். சில இடத்தில் நிழல் அதிகமாகிவிட, மறுபடி வெள்ளையைத் தூவினேன். இரண்டு நாள் வேலை. கடைக்காரருக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

வந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தம்பி, தப்பா நெனச்சுக்காத. நீலக் கலர் பக்கெட்ட வெட்டி ஒட்டுனாட்டம் இருக்குது" என்றார்.

அவர் சொன்ன ஒரு வாக்கியத்தில் இரண்டு குற்றமும் அடங்கியிருந்தது. ஒன்று நீலம். இன்னொன்று ஒட்டியது மாதிரி இருப்பது. மூன்றாவது ஒன்றும் இருந்தது, அதை அவர் பார்க்கவில்லை, எனக்குத் தெரிந்தது: காற்றுத் துளைகளின் ஓரத்தில் பிசிறு.

பிசிறுக்குக் காரணம் கண்டுபிடிப்பது சுலபம். நான் 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில், சாய்ந்த கோணத்தில் அடித்திருந்தேன். காற்று ஷீட்டைத் தூக்கி அடியில் புகுந்து பெயிண்டையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அழுத்தத்தை 15க்கும் 18க்கும் நடுவில் குறைத்து, ஏர்பிரஷ்ஷை நேர் செங்குத்தாகப் பிடித்து, ஷீட்டின் மேலே இருந்து தொடங்கித் துளைக்குள் இறங்கினால் போதும். துளைக்குள் தொடங்கி ஓரத்தை நோக்கி அடிக்கவே கூடாது.

ஒட்டியது மாதிரி தெரிந்ததற்குக் காரணம், மூன்று கோட் கெட்டி வெள்ளை. ஸ்டென்சில் ஓரத்தில் பெயிண்ட் கட்டியாக நின்று சின்னப் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. விரலால் தடவினால் தட்டுப்பட்டது. கூடவே, ஹெல்மெட்டின் சுற்றுக்கோடு முழுக்க ஒரே கூர்மை. வெளிச்சப் பக்கமும் கூர்மை, நிழல் பக்கமும் கூர்மை. உருண்டையான பொருள் அப்படித் தெரியாது.

நீலம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நான் கலந்தது சுத்த வெள்ளையும் சுத்தக் கருப்பும் மட்டும். நீலம் எங்கிருந்து வந்தது? உற்றுப் பார்த்தபோது, வெள்ளை கெட்டியாக இருந்த இடங்களில் நீலம் இல்லை. மங்கி மங்கிக் கருப்போடு சேர்கிற இடங்களில்தான் இருந்தது. மெல்லிய வெள்ளைப் படலம் கருப்பின்மேல் விழும்போது, அந்த நுண்ணிய துகள்கள் நீல வெளிச்சத்தை அதிகமாகச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. சிவப்பும் மஞ்சளும் துகளைத் தாண்டி உள்ளே போய்க் கருப்பில் மாட்டிக்கொள்கின்றன. நம் கண்ணுக்கு வருவது நீலம் கலந்த சாம்பல். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியின் புகை புளியமரத்து இருட்டுக்கு முன்னால் நீலமாகத் தெரியுமே, அதே கதைதான். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்தது.

நடுகல் பட்டறையில் பார்த்தது

இதற்கு நடுவில் வேறு வேலையாகப் பர்கூர் தாண்டி ஜெகதேவிப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. நம் மாவட்டத்தில் கருங்கல் பாலிஷ் போடும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே சமாதிக்கு வைக்கும் ஒரு கருப்புக் கல் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு பெரியவரின் முகம். நரைத்த மீசை, தோளில் வெள்ளைத் துண்டு. கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட கல்லில் கூர் ஊசியால் புள்ளி புள்ளியாகக் கொத்திச் செய்த உருவம். கொத்து விழுந்த இடம் வெளுக்கிறது, விழாத இடம் கருப்பாகவே நிற்கிறது. அந்தக் கைவேலைக்காரரிடம் இருப்பது அந்த வெளுப்பு ஒன்றுதான். கருப்பைத் திரும்பக் கொண்டுவர அவரால் முடியாது. ஒரு புள்ளி அதிகமாகக் கொத்திவிட்டால் போச்சு.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவரின் இடது தோளுக்குக் கோடே இல்லை. துண்டு மடிப்பு தெரிகிறது, அது அப்படியே கல்லுக்குள் போய் மறைந்துவிடுகிறது. ஆனால் தோள் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம் கண் அதைப் போட்டுக்கொள்கிறது. மீசையில் நல்ல வெளுப்பு நாலைந்து முடிகளில் மட்டும். மற்றதெல்லாம் தூரத்துக்குத் தூரம் வைத்த புள்ளிகள்.

நான் கருப்புத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் கோட்டிலேயே அந்தக் கருப்பை மூடிவிட்டு, பிறகு அதே கருப்பை டப்பாவிலிருந்து எடுத்து மேலே பூசியிருக்கிறேன். தகட்டில் ஏற்கெனவே இருந்த நிழலை அழித்துவிட்டு நிழல் வரைந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் வாட்டர் பேப்பரை எடுத்தேன்.

இரண்டாம் முறை

படத்தைத் தேய்த்து எடுத்து, மறுபடி கருப்பு அடித்துக் காயவிட்டு, இந்த முறை வேலையைத் திருப்பிப் போட்டேன். கருப்பு டப்பாவைத் திறப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டு. தகட்டின் கருப்புதான் நிழல். ஸ்டென்சில் வெள்ளைக்கு எல்லை போடுகிறது என்று நினைப்பதை விட்டுவிட்டு, எந்த இடத்துக் கருப்பை அது மூடிக் காக்கிறது என்று பார்த்து வைத்தேன். கண்ணாடித் திறப்பை வெட்டியெடுத்த துண்டு, முதல் தடவை குப்பைக்குப் போக இருந்தது. இந்த முறை முதலில் தகட்டில் வைத்தது அதைத்தான்.

வெளிக்கோடு ஸ்டென்சிலை வெளிச்சம் விழும் வலப்பக்கம் தகட்டோடு ஒட்ட வைத்தேன். நிழல் பக்கமான இடப்பக்கம் அடியில் இரண்டு நட்டு வைத்து அரை அங்குலம் தூக்கிவிட்டேன். ஒட்டி இருக்கும் இடத்தில் கூரான ஓரம் வரும், தூக்கிய இடத்தில் ஓரம் கரைந்து போகும். ஒரே ஷீட், இரண்டு ஓரம். அந்தத் தோள்பட்டை மறைந்தது மாதிரியே ஹெல்மெட்டின் பின்பக்கமும் கருப்புக்குள் போய் மறைந்தது.

பெயிண்டை முன்னைவிடத் தண்ணியாகக் கலந்தேன். ஒரு பங்கு வெள்ளைக்கு இரண்டு பங்குத் தின்னர். ஒரு தடவை அடித்தால் ஒன்றுமே தெரியக் கூடாது. மூன்றாவது தடவையில் சந்தேகமாகத் தெரிய வேண்டும். ஒரு சாண் தூரத்திலிருந்து பனி மாதிரி எட்டு ஒன்பது தடவை. நடுவில் காய விட்டு, ஷீட் ஓரத்தைத் துடைத்து, மறுபடி. படிக்கட்டு வரவேயில்லை. வளைவுக்கு ஐந்தாவது ஷீட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நகர்த்தி நகர்த்தி அடித்தேன். அதை ஒரே இடத்தில் நிறுத்தினால் கோடு விழும், நகர்ந்துகொண்டே இருந்தால் வளைவு தானாக உருளும்.

நீலத்துக்கு மருந்து மஞ்சள்தான். இருபது சொட்டு வெள்ளைக்கு ஒரு சொட்டு யெல்லோ ஆக்சைடு, ஊசி முனையில் தொட்ட அளவு ரெட் ஆக்சைடு. இதை எல்லா இடத்துக்கும் அடிக்கக் கூடாது, மங்கிச் சேரும் இடங்களுக்கு மட்டும். கெட்டி வெள்ளை வரும் இடத்தில் நீலமும் இல்லை, மருந்தும் வேண்டாம். தாடைக்கு அடியில் அந்தச் செம்மண் வெளிச்சத்துக்கு ரெட் ஆக்சைடை மட்டும் இன்னும் இரண்டு தொடல் கூட்டினேன்.

என் பட்டறை வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை ஹெல்மெட். நீலம் போயே போய்விட்டது. அப்போதுதான் ட்யூப் லைட் ஞாபகம் வந்தது. போர்டை வண்டியில் ஏற்றிச் சாயங்காலம் காவேரிப்பட்டணம் போய்க் கடை முன்னால் சாய்த்து வைத்தேன். இருட்டியதும் எல்இடி போட்டார். நீலம் திரும்பி வந்துவிட்டது. கடைகளில் மாட்டும் கூல் வொய்ட் ட்யூப் பெரும்பாலும் 6500 கெல்வின். அந்த வெளிச்சத்திலேயே நீலம் தூக்கலாக இருக்கும். முதல் படம் பகலிலேயே நீலமாக இருந்ததால் இதை நான் யோசிக்கவேயில்லை.

அங்கேயே உட்கார்ந்து ஒரு துண்டுத் தகட்டில் நாலு கலவை அடித்துப் பார்த்தோம். ட்யூபுக்குக் கீழே சரியாகத் தெரிந்த கலவை, வண்டியின் ஹெட்லைட் மஞ்சளில் பால்கோவா நிறத்துக்குப் போனது. மெக்கானிக், அவர் மனைவி, கடைப் பையன் மூன்று பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் அக்கா சொன்னதுதான் நின்றது: "ராத்திரிதாங்க ரோட்டுல போறவங்க திரும்பிப் பாப்பாங்க. லைட்டுக்குச் சரியா இருக்கறதயே வைங்க." இருபதுக்கு ஒன்றாக இருந்த மஞ்சளை இருபதுக்கு ஒன்றரையாக்கி, இடப்பக்கம் மட்டும் இன்னும் இரண்டு தூவல் கொடுத்தேன். பகலில் கொஞ்சம் பழுத்த வெள்ளையாக இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டேன்.

கலப்படம் இல்லாத சுத்த வெள்ளை கடைசி நாள்தான் கப்புக்குள் போனது. நெற்றியில் ஒரு நீள வெளிச்சம், கண்ணாடித் திருகின் தலையில் ஒரு புள்ளி, பீடிங் ஓரத்தில் ஒரு கீற்று. மூன்றையும் சேர்த்தால் ஒரு தீப்பெட்டி அளவு பரப்புகூட இருக்காது. அந்தத் திருகுப் புள்ளியை வைத்தவுடனே மொத்த ஹெல்மெட்டும் முன்னால் வந்து நின்றது. பதினெட்டு அங்குலப் படத்தில் கடுகளவு புள்ளி.

க்ளியர்

பேஸ்கோட் காய்ந்தால் மங்கலாகத்தான் இருக்கும். அதன்மேல் க்ளியர் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு ஏறியதும் கருப்பு ஆழமாகும், மெல்லிய சாம்பல்கள் அதற்குள் மூழ்கிப் போகும். நான் பனி மாதிரி தூவியதெல்லாம் காணாமல் போய்விடுமோ என்ற பயத்தில், காய்ந்த படத்தின்மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஈரத்தில் எப்படித் தெரிகிறதோ கிட்டத்தட்ட அப்படித்தான் க்ளியருக்குப் பிறகும் தெரியும். இடப்பக்கப் பின்புறம் அளவுக்கு மேல் மறைந்தது. துடைத்துக் காயவைத்து அங்கே மட்டும் இரண்டு தூவல் சேர்த்தேன்.

க்ளியரை நான் அடிக்கவில்லை. 2கே க்ளியர் என்பது ஹார்டனர் கலந்து அடிக்கும் வகை, அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரலாம். துணி மாஸ்க் அதற்கு எந்த விதத்திலும் காணாது. வெளியிலிருந்து சுத்தக் காற்றுக் குழாய் வரும் மாஸ்க்கும் பெயிண்ட் அடிக்கும் தனி அறையும் ஓசூரில் ஒரு நண்பரிடம் இருக்கின்றன, அங்கே கொடுத்து அடித்து வாங்கினேன். வீட்டு வாசலில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு க்ளியர் அடிக்கும் தம்பிகளைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

போர்டு இப்போது கடை முன்னால் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் இரண்டாவது காற்றுத் துளையின் கீழ் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசிறு தெரியும். அந்த இடத்தில் ஒரு காந்தம் நழுவியிருந்தது, க்ளியருக்குப் பிறகுதான் கவனித்தேன். ஐந்து ஷீட்டையும் துடைத்து, சுருட்டாமல் தட்டையாக, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். தர்மபுரியிலிருந்து ஒரு லாரி ஓனர் இதே ஹெல்மெட்டைத் தன் வண்டிக் கதவில் கேட்டிருக்கிறார். அந்தக் கதவு மெரூன். துண்டுத் தகட்டில் அடித்துப் பார்த்தேன். மெல்லிய வெள்ளை அதன்மேல் ரோஸ் நிறமாக வருகிறது. இந்த வாரம் அதற்கு எதைக் கலப்பது என்று சொட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.